பூச்சியம் இல்லாத வரைபடம்

குருவிட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த வனவிலங்குத் துறை அதிகாரி, பேசி முடிக்கும் போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். சிறுத்தைகள் பெருகிவிட்டனவாம். பன்றிக்கென்று வைத்தாலும் சிறுத்தை மாட்டிச் சாகும் சுருக்குக் கம்பிகளைத் தேடி அகற்றும் எங்கள் வேலை இனித் தேவையில்லையாம். திரையில் காட்டிய வரைபடத்தில் கோடு மலைபோல் ஏறியது. அடியில் பூச்சியத்தைக் காணோம்.

“கொழுந்து நிறுக்கிறப்பவே தராசு முள்ளு பூச்சியத்துல நிக்குதான்னு பாத்துட்டுத்தான் சார் வைப்போம். இது ஏன் பாதியில தொடங்குது?” என்றேன்.

“பூச்சியத்துல தொடங்கினா ஏறினதே தெரியாதே, தங்கச்சி” என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி.

எங்கள் வேலை அன்றோடு நின்றது. சுருக்கு வைக்கிறவர்கள் நிறுத்தவில்லை. அந்த அதிகாரியுடையது பொய் சொல்கிறவரின் முகமல்ல; சொன்னதை அவரே நம்பினார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.