சிறுத்தை என்றால் இம்புட்டு இருக்கும்

என் நாயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கூப்பிட்டதுபோல் ஆகிவிடும். நான் கூப்பிட்டு அது வராமல் இருந்ததே கிடையாது.

விளாங்குடியில் வாடகைக்கு இருந்தபோது, திண்டுக்கல் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்த குட்டி அது. புடவை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தேன். பிறகு அலங்காநல்லூருக்கு வடக்கே மலையடிவாரத்தில், அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோனேன். அதுவும் கூட வந்தது. செம்பட்டை உடம்பு, கறுத்த மூஞ்சி, கோம்பை நாய் இனத்தின் கலப்பு. தடுப்பூசி போடப் போனால் எடை பார்க்கத் தனியாக நிற்காது. கால்நடை டாக்டரின் உதவியாளர் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார், பிறகு தான் மட்டும் ஏறுவார். கழித்துப் பார்த்தால் முப்பத்திரண்டு கிலோ. “டீச்சர், உங்க சம்பளம் பூரா இதுதான் திங்குதா?” என்று டாக்டர் சிரிப்பார். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மதுரையில் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க விலங்கியல் நடத்திவிட்டுத் தொண்டை வறண்டு வந்தால், கேட்டருகே எனக்காகக் காத்திருந்த ஒரே உயிர் அதுதான்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஆடு வளர்ப்பவர். ஒரு நாள் காலையில் அவருடைய வெள்ளாடு ஒன்று பட்டிக்கு வெளியே செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. இரண்டாவது ஆட்டுக்குப் பக்கத்தில் என் நாய் நின்றதையும் அதன் வாயில் ரத்தம் இருந்ததையும் அவர் பார்த்துவிட்டார்.

“கோவிச்சுக்கிறாதீக டீச்சர். எங்களுக்கு ஆடுதான் பொழப்பு. உங்க நாய் வாயில ரத்தத்தை என் கண்ணால பாத்துட்டேன்.”

“செத்துக் கெடந்ததை நக்கியிருக்கும்ணே. தொண்டையைப் பாருங்க. நாயி இப்பிடியா ஒரே கவ்வாக் கவ்விக் கொல்லும்? இது சிறுத்தை.”

வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்தார். இதற்கு முன் மேற்கே பெரிய காட்டில் வேலை பார்த்தவர், கொழுத்த ஆண் சிறுத்தைகளைப் பார்த்துப் பழகியவர். வாய்க்கால் ஓரத்தில் இருந்த தடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். தடம் கைக்குள் அடங்கிவிட்டது.

“சிறுத்தைன்னா இம்புட்டு இருக்கும் டீச்சர்” என்று விரல்களை அகலமாக விரித்துக் காட்டினார். “இது நாயிதான்.”

“நாயின்னா நகம் பதியுமே, இதுல பதியலையே தம்பி?”

“மண்ணு கெட்டி. பதியாது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நடு வாய்க்காலில் நின்று வகுப்பே எடுத்துவிட்டேன். “எல்லாச் சிறுத்தையும் ஒரே அளவா இருக்குமா தம்பி? மான் தின்னு வளந்த ஆம்பளைச் சிறுத்தையும், முயலையும் மயிலையும் வெரட்டிப் பிடிச்சு வயித்தைக் கழுவுற இந்த வறட்டு மலைப் பொட்டையும் ஒரே எடையா இருக்கும்? ஆணுல பாதிகூட இருக்காது. நாயி அளவுதான் இருக்கும்!”

“டீச்சரே நாயி அளவுன்னு சொல்லிட்டாக” என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அளவு தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திமில் எம்புட்டு, நெஞ்சு எம்புட்டு என்று பொழுது சாயும்வரை பேசுவார்கள். ஒரே பசு போட்ட இரண்டு கன்றுகளில் ஒன்று ஏன் குட்டையாகிப் போனது என்று வகை வகையாகக் காரணம் சொல்வார்கள். “உங்க காளையும் பக்கத்து வீட்டுக் காளையும் ஒரே உசரமாண்ணே?” என்று அண்ணனிடமே கேட்டேன். “மாடு வேற, சிறுத்தை வேற” என்றார். சிறுத்தைக்கு மட்டும் டிவியில் பார்த்த அந்த ஒரே அளவுதான்.

மூன்றாவது ஆடும் செத்தது. சோற்றில் மருந்து வைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. ஆட்டு ரத்தம் ருசி கண்ட நாய் நிறுத்தாதாம். நான் அழுதேன், கத்தினேன், போலீசுக்குப் போவேன் என்றேன். விளாங்குடிப் பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மாடி வீட்டில் அம்புட்டுப் பெரிய நாயை எங்கே வைப்பது என்றார். டி. கல்லுப்பட்டியில் இருக்கும் தங்கை, “சின்னப் பிள்ளைக இருக்கிற வீடுக்கா” என்று இழுத்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆடு தின்னி என்று பெயர் வாங்கிய நாயை யார்தான் வைத்துக்கொள்வார்கள்?

கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னார். “அமாவாசை வரைக்கும் உங்க நாயி எங்க கண்ணு முன்னால கட்டிக் கெடக்கட்டும். அதுக்குள்ள ஆடு செத்தா உங்க நாயி மேல பழி இல்ல. ஆடு சாகலேன்னா நீங்க குறுக்க வரக் கூடாது.”

“என் வீட்டுக்குள்ளயே கட்டுறேண்ணே.”

“நீங்க அவுத்து விட்ருவீக.”

“உங்க மோட்டார் ரூமுக்குள்ள விட்டுப் பூட்டுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வெளிய கட்டுனா சிறுத்தை தூக்கிட்டுப் போயிரும்ணே. அதுக்கு நாயின்னா அம்புட்டு இஷ்டம்.”

“உள்ள வயரு கெடக்கு, கரண்டு அடிச்சிரும். இல்லாத சிறுத்தை எங்கிட்டு வந்து தூக்கப் போகுது?”

மோட்டார் ரூம் சுவரோரத்து வேப்பமரத்தில், ஆட்டுப்பட்டியைப் பார்த்தபடி கட்டினார்கள். சங்கிலியை நான்தான் மாட்டினேன். வேறு யார் கை வைத்தாலும் அது உறுமியது. என் கைக்குக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? சிறுத்தை வராவிட்டால் நாய்க்கு மருந்துச் சோறு. வந்தாலோ, வெட்டவெளியில் சங்கிலியில் கிடப்பது என் நாய். அண்ணன் பட்டியைச் சுற்றிப் புதிதாக இலந்தை முள் வெட்டிப் போட்டு ஆளுயரத்துக்கு அடைத்தார். “முள்ளைப் போட்டா சிறுத்தை எப்பிடிண்ணே ஆட்டுக்கு வரும்?” என்று சண்டைக்குப் போனேன். “அப்ப என் ஆட்டைத் திறந்து போடச் சொல்றீகளா?” என்றார். அதுதான் என் ஆசை என்று எப்படிச் சொல்வது?

பள்ளி விட்டதும் பஸ் பிடித்து ஓடிவந்து, இருட்டும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அது என் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். அண்ணனின் மனைவி வந்து, “போங்க டீச்சர், லைட்டை எரிய விட்டுத்தான் வச்சிருக்கோம்” என்று எழுப்பி அனுப்புவார். நான் நடக்க ஆரம்பித்ததும் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். காலையில் அவரே சந்தோஷமாகச் சொல்வார்: “நேத்தும் ஒண்ணும் ஆகல டீச்சர்.” நான் அமாவாசைக்கு மிச்சமிருக்கும் நாளை எண்ணுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, ஒரே ஒரு ஆடு சாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த ஆட்டை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறதே என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. சிறுத்தையை அனுப்பும், அனுப்பும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அமாவாசைக்கு முந்தின நாள் விடியற்காலையில் அண்ணன் என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “டீச்சர்… டீச்சர்…” என்றார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

சங்கிலி மரத்தில் இருந்தது. கழுத்துப்பட்டை அறுந்து கிடந்தது. வேப்பமரத்திலிருந்து மலைப்பக்கம் இழுத்துக்கொண்டு போன தடமும் ரத்தமும் இருந்தன. முள்ளுக்குள் ஆடுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மண்ணை அள்ளி வாரித் தூற்றினேன். யாரைத் திட்டினேன், என்ன திட்டினேன் என்று நினைவில்லை.

அதன் பிறகு சிறுத்தை இல்லை என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. கூண்டு வந்தது. சில நாளில் சிறுத்தையும் அகப்பட்டது. சுற்றுப்பட்டி ஊர்ச் சனமெல்லாம் பைக்கிலும் டிராக்டரிலும் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. நானும் போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை.

“இம்புட்டுத்தானா?” என்று எனக்கு முன்னால் நின்றவர் ஏமாந்துபோய்ச் சொன்னார். விலா எலும்பு தெரிய, கூண்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. குட்டியாக இருக்கும் என்றார்கள். மயக்க ஊசி போட்டு எடை பார்த்த டாக்டர், குட்டி இல்லை, வளர்ந்த பெண்தான், இருபத்தெட்டு கிலோ என்றார். வனக்காவலர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதன் மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன், வரவில்லை. அது பசிக்குத் தின்றது.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் கண் கூண்டிலேயே இருந்தது.

“நம்ம நாயே இதைவிடப் பெருசா இருந்துச்சே டீச்சர்.”

“நாலு கிலோ கூடண்ணே” என்றேன்.

தோப்புக்குள் தனியாக நடந்து வந்து கேட்டைத் திறந்தேன். திறந்த கையோடு, பழக்கத்தில், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்.