ஒரு கையால் விரியும் கத்தி

எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். சூளைப் பக்கம் தனியாகப் போனால் மேஸ்திரி கையைப் பிடித்து இழுப்பான். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் கடைத்தெருவுக்குக் கத்தி வாங்கப் போனேன்.

கடைக்காரர் பூப்போட்ட பிடி வைத்த மடக்குக் கத்தியை எடுத்துப் போட்டார். ஒரு கையில் பிடித்து, மறு கை நகத்தால் இழுத்தால்தான் அது விரிந்தது.

"இது வேணாங்க. ஒரு கையாலயே தொறக்கிற மாதிரி குடுங்க."

"வெங்காயம் அரியறதுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? ரெண்டு கை இருக்குதுல்ல?" என்று இளித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னொரு கைய அவன் புடிச்சிருப்பான்யா!" என்று கத்தினேன்.

கடைக்காரர் கட்டை விரலால் தள்ளினாலே விரியும் கத்தி ஒன்றை எடுத்து வைத்தார்.

"எனக்கும் அதுலயே ஒண்ணு குடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். பட்டறையில் என் பக்கத்தில் உட்காரும் பவுனக்கா. மேஸ்திரி பேசும் அசிங்கத்துக்கெல்லாம் சிரிக்கிறாளே என்று அவளிடம் நான் முகம் கொடுத்தே பேசியதில்லை.

மறுநாள் அவன் வழக்கம்போல் ஏதோ சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

பயத்திலும் ஒருத்தி சிரிப்பாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.