ஒன்பது வீட்டுக் கையெழுத்து

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் மேட்டில் எங்களுடைய இருபத்துநாலு வரிசை வீடுகளும் கட்டி முடிந்தபோது நிலம் எவருக்கும் சொந்தமாகவில்லை. அதுதான் அதன் அழகு என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். நிலம் குடியிருப்புச் சங்கத்தினுடையது. சுவரும் கூரையும் இருக்கிறவருடையது. வீட்டை விற்கலாம், ஆனால் சந்தை விலைக்கு இல்லை. வாங்கிய விலையோடு சங்கம் அனுமதிக்கிற ஒரு சிறு கூட்டல், அவ்வளவுதான். வாங்குகிறவரும் சங்கத்தின் வரிசையில் காத்திருக்கிற ஒருவராக இருக்க வேண்டும். ஒஸ்லோவில் வீட்டு ஏலத்தில் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, எவனோ முகம் தெரியாதவன் விலையை ஏற்ற ஏற்றத் தானும் ஏற்றி, கடைசியில் தோற்று, பெருமூச்சு விட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் ஐந்து தரம் தோற்றவன்.

இருபத்துநாலில் பத்து வீடு எங்கள் தமிழ் ஆட்களுடையது. என்னுடையதைத் தவிர மற்ற ஒன்பது பேருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். அதில் ஒருவர் ஸ்டோவ்னரில் அடுக்குமாடியொன்றில் நாலு பிள்ளைகளோடு இரண்டு அறைக்குள் நெருங்கிக் கிடந்தார். முதல் முறை அவருக்குக் கிடைக்கவில்லை. நான் சங்கத்துக்கு இன்னொரு கடிதம் எழுதி, நேரிலும் போய் வாதாடி வாங்கிக் கொடுத்தேன். அவரை நண்பர் என்று சொல்லித்தான் பழக்கம். இப்போதும் வேறு சொல் வாயில் வருவதில்லை.

வருடாந்தக் கூட்டத்துக்கு எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள். பிள்ளைகளின் நடன வகுப்பு இருக்கும், கோயிலில் பூசை இருக்கும், லோரன்ஸ்கூக்கில் எவருடையதோ மகளுக்குச் சாமத்திய வீடு இருக்கும். கூட்டமும் இரண்டு மணித்தியாலம் நொர்வேஜிய மொழியில் கழிவுநீர்க் குழாயைப் பற்றி நடக்கும். அதனால் முதல் வருடமே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு வீடு வீடாகப் போவேன். தேத்தண்ணி வரும், வடை வரும். வராதவர் தன் வாக்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் தாளை நீட்டுவேன். ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். என்ன விஷயத்துக்கு வாக்கு என்ற இடத்தை வெறுமையாகவே விட்டுக் கையெழுத்து வைப்பார்கள். பதினைந்து வருடமாக அந்த ஒன்பது வீடும் என் கைப்பைக்குள் இருந்தது. வெள்ளைக்காரத் தலைவி என்னைக் கண்டால் எழும்பி வந்து கை கொடுப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

போன வருடம் என் முழங்கால் படியோடு மல்லுக்கட்டத் தொடங்கியது. லிஃப்ட் உள்ள சிறிய வீடொன்றுக்குப் போவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். வரிசையில் முதலில் நின்றவள் ஒரு தமிழ்ப் பெண். பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை, இரண்டு பிள்ளைகள், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஸ்டோவ்னரில் நிலக்கீழ் அறையொன்றில் இருந்தாள். சுவரில் பூஞ்சணம், மூத்ததுக்கு இழுப்பு. எங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது திரைச்சீலைக்கு யன்னலை அளந்தாள். சின்னது மாடியறையில் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டு எழும்ப மறுத்தது.

அந்த நேரத்தில்தான் பிரேரணை வந்தது. விலைக் கட்டுப்பாட்டை நீக்கி, அவரவர் விரும்பிய விலைக்கு விற்க விடவேண்டும் என்று. நொர்வேஜியர் சிலரும் கையெழுத்திட்டிருந்தார்கள், முதல் கையெழுத்து என் நண்பருடையது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நான் பயப்படவில்லை. வழக்கம்போல ஞாயிறு போனேன். இந்த முறை விஷயத்தை விளக்கினேன், அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பாவம், பிள்ளைகளும் இருக்கு என்றார்கள். எட்டு வீட்டில் எட்டுக் கையெழுத்து வந்தது. நண்பர் வீட்டுக் கதவை நான் தட்டவில்லை.

கூட்டத்தில் எட்டுத் தாளையும் மேசையில் வைத்தேன். நண்பர் தன் கோப்பைத் திறந்து எட்டுத் தாள் வைத்தார். அதே எட்டு வீடு. அவர் செவ்வாய்க்கிழமை போயிருக்கிறார். அவருடைய தாளில் வெறுமை இல்லை, ஆம் என்று அச்சடித்தே இருந்தது. பிந்திய திகதிதான் செல்லும் என்று தலைவி சட்டத்தை வாசித்தாள். வாசிக்கும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுப்பாடு போய்விட்டது.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். அவர் உண்மையாகவே குழம்பிப் போனார்.

"நீங்கள் வந்து கேட்டனீங்கள், வைச்சனான். அவர் வந்து கேட்டவர், வைச்சனான். வாசல்லை வந்து நிக்கிற ஆளுக்கு எப்பிடித் தம்பி இல்லையெண்டு சொல்லுறது?"

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. வாசிக்காமல் கையெழுத்து வைக்கப் பழக்கியவன் நான். நல்ல காரியத்துக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நண்பரைத் திட்டினேன், மனம் ஆறுமட்டும் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தனக்கு இந்த வீடு கிடைக்க நான் பட்ட பாடு மறக்கவில்லை என்றார். பிறகு, "அண்ணை, இதிலை ஆருக்கு முதல் லாபம்? நீங்கள்தானே இப்ப விக்கிற ஆள்" என்றார். கன்னத்தில் அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருப்பேன்.

அந்த வாரமே வரிசையில் நின்ற அந்தப் பெண் வந்தாள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், தேத்தண்ணி வேண்டாம் என்றாள். நான் எதிர்த்து வாக்களித்ததை, கூட்டத்தில் எழும்பிப் பேசியதை, சட்டம் எப்படி மாறியது என்பதை எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பஸ் நேரம் விசாரிப்பவளைப் போலக் கேட்டாள்.

"அண்ணை, இனிக் கூடின விலைக்கு விக்கலாம் எண்டுதானே சட்டம். விக்கவேணும் எண்டில்லையே. நீங்கள் பழைய விலைக்கே எனக்குத் தரலாந்தானே?"

மனைவியோடு ஒருக்கால் கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஓம் அண்ணை என்று எழும்பினாள். கதவடியில் மாடிப்படியை ஒருமுறை பார்த்தாள்.

மனைவியோடு கதைத்தேன். உங்கட விருப்பம் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். லிஃப்ட் வீட்டுக்குக் காசு வேண்டும் என்றேன், அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. கொஞ்சம் கடனோடு அந்த வீடு முன்பும் எங்களுக்கு எட்டத்தான் செய்தது. இருவருக்கும் அது தெரியும்.

போன கிழமை வீட்டு முகவர் அனுப்பிய ஆள் வந்து எல்லா அறைகளையும் படம் எடுத்தான். மாடியறையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது, அதையே முதல் படமாகப் போடலாம் என்றான். சரி என்றேன். அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. விளம்பரத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.