அழிக்கட்டுமான்னு கம்ப்யூட்டர் கேட்டப்போ

எனக்கு வேண்டாம்னு சொல்ல வராது. காரிமங்கலத்துல என்னைத் தெரிஞ்ச அத்தனை பேருக்கும் இது தெரியும். வண்டி கேட்டா சாவியக் குடுத்துட்டு நடந்து வருவேன். கோயில் கமிட்டியில பேரு சேத்துக்கட்டுங்களான்னு கேட்டாங்க, சரிங்கன்னேன். அதுக்கு எதிர்க் கமிட்டிக்காரங்க மறுநாள் வந்து கேட்டாங்க, அவங்களுக்கும் சரிங்க. ரெண்டு நோட்டீஸ்லயும் என் பேரு வந்து, ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

எங்க பக்கம் ஒருத்தர் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்றது கெட்ட பழக்கம். பத்திரிகை வெச்சா, போற எண்ணம் துளியும் இல்லைன்னாலும் "வந்துடறமுங்க"ன்னுதான் சொல்லணும். வெக்கிறவருக்கும் இவன் வரமாட்டான்னு நல்லாத் தெரியும். அவரும் "கண்டிப்பா வந்துடுங்க"ன்னுட்டுப் போவாரு.

இந்த வியாதியில வந்து மாட்டுனது எம் பொண்ணு. தருமபுரியில கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருஷம். பெங்களூர்ல வேலை கிடைச்சிருச்சு. ப்ராஜெக்ட்ட முடிச்சுக் குடுத்தா கெளம்ப வேண்டியதுதான். ஆனா பாலக்கோட்டுல இருக்கிற எங்கக்கா, எம் பொண்ணு பொறந்த அன்னைக்கே தன் பையனுக்குன்னு முடிவு பண்ணி வெச்சிருக்கா. முறைதான், தப்புன்னு சொல்ல முடியாது. "அத்தைகிட்ட வேண்டாம்னு சொல்லிடுப்பா, நான் வேலைக்குப் போவணும்"னு பொண்ணு கேட்டா. சரிம்மான்னேன். வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

அப்போ வூட்டு கம்ப்யூட்டர் எடமில்லாம திணறிக்கிட்டு இருந்துச்சு. பாவி நான்தான் காரணம். காலை வணக்கம், ரோஜாப்பூ, மூட்டுவலிக்கு முருங்கைக்கீரைன்னு போன்ல வந்த வீடியோ அத்தனையும் அதுல கொட்டி வெச்சிருந்தேன். "நீ போட்ட குப்பைய நீயே அள்ளு"ன்னு பொண்ணு கறுப்புத் திரை ஒண்ணத் தொறந்து காட்டினா. அதுல படம் கிடையாது, பொத்தான் கிடையாது. டைப் பண்ணித்தான் வேலை வாங்கணுமாம்.

"மொதல்ல pwd போடு, நீ எந்த ஃபோல்டர்ல நிக்கறேன்னு சொல்லும். அப்பறம் ls, அங்க என்னென்ன இருக்குன்னு காட்டும். இது ரெண்டும் பாக்காம எதையும் அழிக்காத. cd போட்டு உன் வீடியோ இருக்கிற ஃபோல்டருக்குப் போயிடு. இங்க குப்பைத்தொட்டி எல்லாம் இல்லப்பா, போனா போனதுதான். அதனால rm -i * னு போடு. ஒவ்வொண்ணா பேரச் சொல்லி, அழிக்கட்டுமான்னு கேக்கும். அழிக்கணும்னா ஒய் (y), வேண்டாம்னா என் (n)."

"கேட்டுட்டுத்தான் செய்யுமா? நம்ம ஊர்ல ரோடு தோண்டறவனவிட மரியாதை தெரிஞ்சதா இருக்கே!" எல்லாத்தையும் ஒரு பழைய டைரியில எழுதிக்கிட்டேன். டைரிய எங்க வெச்சேன்னு மறந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை, பொண்ணு கடைக்குப் போயிருந்தா. அவ வேலை பாத்துக்கிட்டிருந்த கறுப்புத் திரை தொறந்தே கெடந்துச்சு. உக்காந்தேன். அந்த நேரம் பாத்து அக்கா வந்து பக்கத்துல சேரப் போட்டுக்கிட்டா. அவளப் பாத்ததும் pwd, ls, cd மூணும் மறந்துபோச்சு. rm -i * மட்டும் நல்லா ஞாபகம், அதப் போட்டேன்.

கம்ப்யூட்டர் கேட்டுச்சு. ஒய் அழுத்தினேன்.

"பையனுக்கு தை மாசந்தான் லீவு கிடைக்குமாம், தம்பி."

"சரிங்கக்கா."

அது மறுபடி கேட்டுச்சு. ஒய்.

"மண்டபத்துக்கு நானே சொல்லி வெச்சிடறேன்."

"சரிங்கக்கா." ஒய்.

"புள்ளைக்கு வேலையெல்லாம் என்னாத்துக்கு? எங்க வூட்ல என்ன கொறச்சல்?"

"அதானே. சரிங்கக்கா." ஒய், ஒய், ஒய்.

பேரெல்லாம் இங்கிலீஷ்ல வந்துச்சு, நான் படிக்கல. கேக்கறவங்க என்ன கேக்கறாங்கன்னு நான் என்னைக்குக் கவனிச்சிருக்கேன்? அக்கா காபி குடிச்சிட்டு சந்தோஷமா பஸ் ஏறிட்டா. ஒரே உக்காருல ரெண்டு வேலை முடிச்சேன்னு எனக்கும் பெருமை.

பொண்ணு வந்து திரையப் பாத்தா. pwd போட்டா. நான் நின்னது வீடியோ ஃபோல்டர்ல இல்ல, அவ ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல. ls போட்டா. அங்க ஒண்ணுமே இல்ல.

"இத்தன தடவ கேட்டிருக்கு. ஒரு தடவகூட உனக்கு வேண்டாம்னு போடத் தோணலையாப்பா?"

அய்யோ சாமின்னு தலையில கைய வெச்சுக்கிட்டேன். அவ பையத் தொறந்து ஒரு பென்டிரைவ எடுத்து மேசை மேல வெச்சா. "தெனமும் இதுல ஒரு காப்பி எடுத்து வெச்சிடுவேன், ப்ராஜெக்ட் எங்கயும் போவல"ன்னு சொன்னா. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. இவ என் புள்ளதானான்னு சிரிச்சுக்கூட வெச்சேன்.

அவ சிரிக்கல. "அத்தை எதுக்கு வந்தாங்க?"

தை மாசம், மண்டபம், எல்லாத்தையும் சொன்னேன். அவ அந்த பென்டிரைவக் கையில எடுத்தா.

"ப்ராஜெக்டுக்குக் காப்பி இருக்குப்பா. எனக்கு எங்க இருக்கு?"

சுருக்குன்னு குத்துச்சு. அவ கத்தியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். சட்டைய மாட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸுலயே பாலக்கோடு போனேன். வழியெல்லாம் உதட்டுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உக்காந்துட்டாரு.

"மண்டபம் பேசத்தான வந்த? தோசை சாப்பிடறியா?"ன்னா அக்கா.

"சரிங்கக்கா"ன்னேன். அது தானா வந்துடுது, என்ன பண்றது! பாதித் தோசையில நிறுத்தினேன். கையெல்லாம் சட்னி.

"அக்கா, இந்தக் கல்யாணம் வேண்டாங்கக்கா. புள்ள வேலைக்குப் போறா."

"என்னடா சொன்ன?"

"வேண்டாங்கக்கா."

"நெசமாத்தான் சொல்றியா?"

கம்ப்யூட்டர்கூட ஒரு ஃபைலுக்கு ஒரு தடவதான் கேக்குது.

"வேண்டாங்கக்கா"ன்னேன். அக்கா தட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.