டிசைன் வகுப்பில் மனப்பாடம்

முதலாண்டு டிசைன் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது, பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்ததை மறக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற தொழில். ஏற்காடு மலை அடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் அதைத்தான் நான் செய்கிறேன். வகுப்பறையில் காலம் தள்ளுகிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

எது வரும்?

முதல் வகுப்பில், “தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப்போக என்னென்ன வழி இருக்கிறது? வரைந்து காட்டுங்கள்” என்றேன். தீபிகா கை தூக்கினாள். திருச்செங்கோட்டுப் பெண், நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்து மார்க்கை அள்ளியவள்.

“சார், இதுல எது பரீட்சைக்கு வருமுங்க?”

நல்ல நாற்காலி

அடுத்து நாற்காலி வரையச் சொன்னேன். அவளுடைய முதல் படத்தைப் பார்த்து, “நல்லாருக்கு. இன்னும் பல விதமா யோசிச்சுட்டு வா” என்றேன். திங்களன்று ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் அதே நாற்காலி. ஒரு கால்கூட நகரவில்லை. பாராட்டியதுதான் தப்போ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஏனம்மா இப்படி என்றேன்.

“நல்லாருக்குன்னு சொன்னீங்களே சார், மாத்துனா மார்க்கு போயிருமில்லீங்களா?”

பாரம் குறைப்பு

இப்படி ஒன்றையே உருப்போட்டதில் மற்ற பாடங்களின் வேலை குவிந்துவிட்டது. பருவ முடிவு மதிப்பீட்டில் தேறாவிட்டால் அவளை நிறுத்திப் பி.காம். சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டாராம். ஆசிரியர் கூட்டத்தில் உருக்கமாகப் பேசினேன். நாம் எல்லோருமே திங்கட்கிழமைக்குத்தான் வேலை கொடுக்கிறோம், பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வண்ணப் பாடம் எடுக்கும் ஆசிரியை எழுந்தார்.

“நல்ல யோசனை சார். உங்க பாடத்துல இருந்தே ஆரம்பிச்சிரலாம்.”

சும்மா இருத்தல்

தீபிகாவின் அப்பா வந்தார். போர்வெல் வண்டி வைத்திருப்பவர். எந்நேரமும் படிப்பதைக் குறைத்துக்கொண்டு, கொஞ்சம் சும்மா உட்கார்ந்து சுற்றிலும் கவனித்தால் அவள் தேறிவிடுவாள் என்று விளக்கினேன். சொல்லும்போது எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

“ஏனுங்க சார், சும்மா உக்கார்றதுக்கு ஊட்லயே உக்காந்துக்கலாமுங்களே, இங்க பீஸு எதுக்குங்க?”

மதிப்பீடு

நீங்கள் நிஜமாகவே பட்ட ஒரு கஷ்டத்துக்கு வழி செய்யுங்கள் என்பது மதிப்பீட்டுக்கான வேலை. வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். பெற்றோர் வரிசையில் அப்பா இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தீபிகா தானே செய்த பரீட்சை அட்டைகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு விதம்! அட்டையை மேசையில் சாய்த்து நிறுத்தி, அதன் மேல் விளிம்பு வளைவில் நெற்றியைப் பொருத்திவிட்டால் போதும். தூரத்தில் நிற்கும் வார்டனுக்குப் புத்தகத்தில் மூழ்கியிருப்பது போலத் தெரியும், நிம்மதியாகத் தூங்கலாம். விடுதியில் பட்ட அனுபவத்தை வைத்துச் செய்தது என்றாள். தேர்வாளர் தன் நெற்றியை வைத்துப் பார்த்துவிட்டு, மார்க்கைத் தாராளமாகப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர.

“ஏஞ் சாமி, அத்தன வருசமும் அங்க நீ தூங்கிட்டா இருந்த?”

அந்தப் பருவத்தில் என் மாணவி பிரமாதமாகத் தேறிய ஒரே பாடம், நான் நடத்தாத தூக்கம்தான்.