சின்னம்மா பார்த்த ஊமைப்படம்

மண்ணெண்ணெய் ஹீட்டரின் நெடி முதலில் மூக்கில் ஏறும், பிறகு கண்ணைக் கரிக்கும், அதன் பின்னரே அறை சூடாகும். புலம்பெயர்ந்து வந்து நோர்பரியில் நாங்கள் இருந்த வீட்டு முன்னறை அந்த நெடியோடுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆண்டு எண்பத்தெட்டு, மாதம் மாசி. அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அம்மாவின் தங்கையான சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து சேர்ந்தது அதற்கு முந்திய கார்த்திகையில். சித்தப்பா பின்னால் வருவதாக ஏற்பாடு. அவரிடமிருந்து சேதி எதுவும் இல்லை. "ஓம்", "வேண்டாம்" என்பவற்றைத் தவிர சின்னம்மா எதுவும் பேசுவதில்லை. "அவளைக் கதைக்க வையுங்கோவன்" என்று அம்மா எங்களை நச்சரித்தபடி இருப்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சியில் பழைய படமொன்று தொடங்கியது. பியானோ மட்டுமே கேட்டது. "ஆக்கள் வாயசைக்கினம், கதை வரேல்லை" என்று அப்பா பெட்டியின் தலையில் தட்டினார்.

"இஞ்சாருங்கோ, அது ஊமைப்படம். அடிச்சாப்போலை கதைக்குமே?" என்றார் அம்மா.

ஊர் ஊராகப் போகும் கார்னிவல் கூட்டமொன்றின் கதை அது. கயிற்றின்மேல் நடக்கும் பெண்ணொருத்தி பணக்காரன் ஒருவனை நம்பிக் கூட்டத்தைவிட்டுப் போகிறாள்; அவன் கைவிட, திரும்பி வருகிறாள். அதற்குள் கூடாரத்தைப் பிரித்து, ராட்டினத்து மரக்குதிரைகளையும் ஏற்றிவிட்டார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக நகர, அவள் கையசைத்தபடி சேற்றில் ஓடிவருகிறாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நில்லுங்கோ! பிள்ளை வாறாள், நில்லுங்கோ!"

சின்னம்மா எழுந்து நின்று கத்தினார். அப்பா உடுத்திருந்த சாரத்தில் தேநீர் கொட்டியது. அம்மா மட்டும் அசையாமல், "அவங்களுக்குக் கேளாதடி" என்றார்.

"கேளாட்டில் என்ன? கண்டனாங்கள் சொல்லவேணுமெல்லே!"

பிறகு சின்னம்மா பேச்சை நிறுத்தவில்லை. தான் ஏறிய கொழும்பு பஸ் புறப்பட்டபோது, தான் மறந்துவிட்ட பையோடு சித்தப்பா பின்னால் ஓடிவந்ததையும், நிறுத்தச் சொல்லத் தனக்குக் குரலே எழாமல் போனதையும் சொல்லிச் சொல்லி அழுதார். அப்பா சத்தமில்லாமல் தொலைக்காட்சியை நிறுத்தினார். படத்தின் முடிவை நாங்கள் பார்க்கவில்லை.

இப்போது அந்த ஹீட்டர் இல்லை, வாடகைக்கு எடுத்த அந்தப் பெட்டியும் இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்த சித்தப்பாவும் காலமாகிவிட்டார். நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் தொலைக்காட்சிப் பக்கங்களை ஞாயிறு ஞாயிறாகப் புரட்டியும் படத்தின் பெயர் அகப்படவில்லை. சென்ற மாதம் சின்னம்மா இப்போது இருக்கும் செவன் கிங்ஸுக்குப் போனபோது, கடைசியில் அந்த வண்டி நின்றிருக்குமா என்று அவரிடம் கேட்டேன்.

"நிண்டது" என்றார் உடனே. "நான் அவ்வளவு கத்தினனான், நிக்காமல் போகுமே?"