லோரியில் ஏற்றிய தேதி

மலேசியாவில், கிள்ளானில் சாப்பாட்டுக்கடை நடத்தும் கிஃபாயத்துல்லாவின் பாட்டனாரை, உலகப் போர்க் காலத்தில் சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போனான். அவர் திரும்பவே இல்லை. மவுத்தான தேதி தெரியாததால், அவரை லோரியில் ஏற்றிய தேதியில்தான் வீட்டில் வருடாவருடம் பாத்திஹா ஓதுவார்கள்.

இந்த வருடம் கடையில் ஆள் பற்றாக்குறை. கல்லாவை விட்டு நகர வழியில்லாமல், பாத்திஹா ஓதும் லெப்பையைக் கடைக்கே வரவழைத்தார். தலைக்குமேல் டிவியில் போர்ச் செய்தி. குண்டு விழுந்து தொண்ணூறு உயிர் போனதாம்.

"நேத்து நூத்திப் பத்து லா," என்றான் ரொட்டி சானாய் தின்றவன். கல்லாப் பக்கம் திரும்பி, "போஸ், புட்பால் போடுங்க."

'கோழி விலையாடா சொல்றே?' நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, கிஃபாயத்துல்லா சேனலை மாற்றினார். கடை வைத்தவன் வாடிக்கைக்காரனிடம் சண்டைக்கா போக முடியும்?

லெப்பை ஓதிவிட்டு, துஆவுக்குக் கையேந்தினார். "யாருக்காகக் கேக்கணும்?"

"பாட்டனார் செய்யது மீரா. அப்புறம்... இப்ப டிவியில சொன்னாங்களே, அவங்களுக்கும்."

"அவங்க பேரு சொல்லுங்க, பாய்."

கிஃபாயத்துல்லா நிமிர்ந்து டிவியைப் பார்த்தார். கோல் விழுந்தது. கடையே கத்தியது. லெப்பை ஏந்திய கையோடு காத்திருந்தார்.